ஜவ்வு விலகிய முதுகுக்கு நடையா, குளத்து நீச்சலா, யோகாவா?

இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு (எல்4–எல்5 டிஸ்க்) விலகி, வலி வலது கால் பெருவிரல் வரை இறங்கியபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அண்ணன் குளத்தில் நீந்தச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமா சூரிய நமஸ்காரம் என்றார். பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) சொன்னது நடை மட்டும். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

நீச்சலை முதலில் சொல்கிறேன், குளத்துக்குப் பஞ்சமில்லாதது நம் கன்னியாகுமரி மாவட்டம். கழுத்தளவு தண்ணீரில் கால் தாங்கும் எடை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மல்லாந்து மெதுவாக நீந்தும்போது முதுகுக்கு அவ்வளவு சுகம். ஆனால் பாசி பிடித்த படித்துறையில் வழுக்கினால் எல்லாம் போச்சு. கரையிலிருந்து சாடுவது கூடவே கூடாது.

யோகாவை ஒரே பொருளாகப் பேசுவதுதான் சிக்கல். பச்சிமோத்தானாசனம் போலக் குனிகிற ஆசனங்களில் ஜவ்வு பின்பக்கம், நரம்பை நோக்கித் தள்ளப்படும். வலி இருக்கும்வரை வேண்டாம். புஜங்காசனம் வேறு. நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சி பரப்பிய பயிற்சியும் ஏறக்குறைய இதுதான்: குப்புறப் படுத்து, கையூன்றி நெஞ்சை உயர்த்துவது. செய்யும்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. இடுப்பு வலி கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கு இது ஒத்துவராது, அதனால் பிசியோ பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள்.

இன்னொன்று, நேரம். இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு ஆகாது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. மரத்தின் அடிப்பக்கம் தாழ்வாக வெட்டும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி இறங்குங்கள்.

என் ஓட்டு நடைக்குத்தான். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அப்புறம் மெல்லக் கூட்டலாம். சங்குத்துறைக் கடற்கரை ஆசை காட்டும். ஆனால் மணலில் கால் புதைந்து இடுப்பு சாயும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற சமதரையே நல்லது. நடந்துவிட்டு பைக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பலன் போய்விடும். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி அடங்குகிறது. எனக்கு ஒன்பது வாரம் ஆனது.

சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ உடற்பயிற்சியை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.