நன்கொடைக்கு ஆட்டோபே: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

ஊத்தங்கரையில் மாலை வகுப்பு நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, மாசாமாசம் குடுக்கறவங்களை எல்லாம் யூபிஐ ஆட்டோபேக்கு மாத்திடலாமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால் தருபவரின் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் தானாகவே எடுக்கப்படும் வசதிதான் ஆட்டோபே. பென்னாகரம் பக்கம் நாங்கள் நடத்தும் வகுப்புக்கு 2021-இல் இதை வைத்தோம். அதற்கு முன்பெல்லாம் மாதம் பிறந்தால் ஒவ்வொருவருக்கும் நினைவூட்ட வேண்டும். ஆசிரியைகள் இருவருக்கும் சம்பளம் தேறுமா என்று தூக்கம் வராது. ஆட்டோபே வந்ததும் அந்தத் தவிப்பு தீர்ந்தது. 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போட வேண்டாம். எங்களுக்கு வருவதோ 200, 300. ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும். இந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அந்த ஒரு மெசேஜ் மேல்தான். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு, தருபவர்களுக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. நியாயமான விதி, அவர்கள் பணம். ஆனால் அதில் எங்கள் டிரஸ்ட் பெயர் வருவதில்லை. முதலெழுத்துகள் நாலைந்தும் அதன் பின்னால் சில எண்களும்தான் வருகின்றன. மாற்றித் தரச் சொல்லி பேமெண்ட் கம்பெனிக்கு எத்தனை மெயில்! ஒவ்வொரு முறையும் புகார் எண் வரும், அப்புறம் 'தீர்க்கப்பட்டது' என்று வரும். பெயர் அப்படியே இருக்கும்.

ஓசூரில் இருந்து இரண்டு வருடம் 300 ரூபாய் தந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். தயங்கித் தயங்கிக் கூப்பிட்டேன். "அது நீங்கதானா சார்? ஏதோ லோன் ஆப்புன்னு நெனச்சு கேன்சல் பண்ணிட்டேன்" என்றார்.

அன்று எனக்கு உறைத்தது வேறு. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் தானாக வந்ததால் பேச்சு நின்றுபோயிருந்தது. மே கடைசிக்குள் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி) கேட்பதற்கான 10பிஇ சான்றிதழ் மட்டும் போகும். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அதனாலும் பயனில்லை. பிள்ளைகளுக்காகத்தான் தருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் அந்த மெசேஜுக்கு முன்பே பிள்ளைகள் எழுதிய கார்டு போய்ச் சேர்ந்துவிடும். 50 பைசா அஞ்சலட்டைதான். நான்காம் வகுப்புப் பெண் எழுதியது: "எனக்கு இப்ப கடன் வாங்கிக் கழிக்க வரும்." கீழே 503-இல் இருந்து 267-ஐக் கழிக்கும் கணக்குப் போட்டு, 0-வை அடித்து மேலே 9 எழுதி, 236 என்று விடை. ஓசூர்க்காரருக்குப் போன கார்டு அது.

அவர் மறுபடி ஆட்டோபே போடவில்லை. மாதாமாதம் அவரே அனுப்புகிறார், சில மாதம் 500. அனுப்பிவிட்டு, "அந்தப் பொண்ணு வகுத்தலுக்கு வந்துட்டாளா?" என்று போன் போட்டுக் கேட்கிறார்.

அதனால் தம்பிக்கு இன்றைக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். நாங்கள் ஏற்கெனவே வைத்த ஆட்டோபேயை நிறுத்தப் போவதில்லை, சம்பளம் அதில்தான் ஓடுகிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் அம்மா போனில் ஒரு ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த தடவை எடுப்பதற்கு முன் வரும் மெசேஜை அவரிடமே காட்டி, இது யார் என்று கேளுங்கள்.