அம்மாவின் ஈறும் சர்க்கரையும்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் கிளினிக்

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றதும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே டாக்டர் கேட்டது, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைத்தான். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க விடாது, ஏறிய சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கும் என்று, கண்ணாடியைக் கையில் கொடுத்து ரத்தம் கசியும் இடங்களைக் காட்டி விளக்கினார். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்தபோது கூச்சம் இருந்தது, வலி இல்லை. பல் இடுக்குக்கான சின்ன பிரஷ்ஷை அம்மாவையே பிடிக்க வைத்துப் பழக்கினார்கள்.

வாய் நாற்றத்துக்குப் பயந்து முந்தானையால் வாயை மூடியே பேசியவர், கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டவர், இப்போது பாடலீஸ்வரர் கோயிலில் தோழிகளோடு உட்கார்ந்து கதை பேசுகிறார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், கிளினிக் மாடியில், லிஃப்ட் இல்லை; முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். மாலையில் கூட்டம், காலையில் போங்கள்.