டெக்சஸா, யுசிஎல்ஏவா? கால்பந்து வீரரின் தேர்வில் அரசியல்

டெக்சஸ் பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் (யுசிஎல்ஏ): இரண்டு பக்கமும் அழைப்பு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (கையில் பந்தை ஏந்தி ஓடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்') சேரும் பையன் அரசியல் பார்ப்பானா? கட்சியைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சட்டசபை போட்ட சட்டத்தை அவன் வீட்டார் பார்ப்பார்கள்.

வரி:
டெக்சஸ்: மாநில வருமான வரியே இல்லை.
யுசிஎல்ஏ: கலிபோர்னியாவில் ஆண்டு வருமானத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டும் தொகைக்கு 13.3 சதவீதம். நட்சத்திர வீரருக்கு இது சின்னத் தொகையா என்ன?

விளம்பர வருமானம்:
யுசிஎல்ஏ: கல்லூரி வீரர் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2019இல் முதலில் சட்டம் போட்டது கலிபோர்னியாதான்.
டெக்சஸ்: 2021இல் பின்தொடர்ந்தது. இப்போது கலிபோர்னியாவுக்கு அந்த முன்னிலை இல்லை.

பயணம்:
டெக்சஸ்: 2024 முதல் எஸ்இசி என்ற போட்டிக் குழுவில், பெரும்பாலும் தெற்கு மாநிலங்கள்.
யுசிஎல்ஏ: பிக் டென் என்ற போட்டிக் குழுவில், கிழக்குக் கரையின் நியூ ஜெர்சி வரை பறக்க வேண்டும்.

வளாகச் சூழல்:
டெக்சஸ்: அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை (எல்லா இன, பின்னணி மாணவர்களுக்கும் இடமளிக்க உழைப்பவை) 2024 முதல் மாநிலச் சட்டம் மூடிவிட்டது.
யுசிஎல்ஏ: அப்படித் தடையில்லை.

இது வெறும் பேச்சு என்று தள்ள முடியாது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் சின்னம் இருந்த மிசிசிப்பி மாநிலக் கொடி மாறாவிட்டால் ஆடமாட்டேன் என்று 2020இல் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக வீரர் கைலின் ஹில் அறிவித்தார். அந்த ஜூன் மாதமே மாநிலம் பழைய கொடியைக் கைவிட்டது.

பணம் முக்கியம் என்றால் டெக்சஸ். வளாகச் சூழல் பெரிதென்றால் யுசிஎல்ஏ. ஆனால் ஆடுகளத்தில் இடம் கிடைக்குமா என்று பயிற்சியாளரிடம் முதலில் கேளுங்கள்.