லிங்க் விழுந்தால் சர்வர் மாறுமா? கீப்அலைவ்டு ஒரு மதிப்பீடு

இரண்டு லினக்ஸ் சர்வர்கள், அவற்றுக்குப் பொதுவாக ஒரு மிதக்கும் ஐபி (ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு சர்வரில் மட்டும் நிற்கும் முகவரி). சுவிட்ச் போர்ட்டில் லிங்க் விழுந்ததும் அந்த ஐபி அடுத்த சர்வருக்குப் போக வேண்டும். இதற்குக் கீப்அலைவ்டு என்ற மென்பொருள் தாராளமாகப் போதும். இது விஆர்ஆர்பி என்ற முறையில் ஓடுகிறது: ஐபியை வைத்திருக்கும் மாஸ்டர் சர்வர் இடைவிடாமல் அறிவிப்பு அனுப்பும், அது நின்றால் பேக்கப் சர்வர் ஐபியை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதும் டேட்டாபேஸ் என்றால் மட்டும் பேஸ்மேக்கர் (கிளஸ்டர் மென்பொருள்), ஃபென்சிங் (பழுதான சர்வரை வலுக்கட்டாயமாக விலக்குவது) என்று போகலாம்.

லிங்க் விழுந்த சேதியைக் கர்னலே நெட்லிங்க் (கர்னல் மற்ற புரோகிராம்களோடு பேசும் வழி) வழியாகச் சொல்லிவிடுவதால் தனி ஸ்கிரிப்ட் தேவையில்லை. விஆர்ஆர்பி ஓடும் இன்டர்ஃபேஸை (நெட்வொர்க் கார்டை) கீப்அலைவ்டு தானாகவே கவனிக்கும். மற்றவற்றை அதன் அமைப்புக் கோப்பில் டிராக்_இன்டர்ஃபேஸ் பகுதியில் எழுத வேண்டும். எந்தக் கேபிள் போனது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். விஆர்ஆர்பி ஓடாத இன்டர்ஃபேஸ் விழுந்தால், மாஸ்டர் தன் பிரயாரிட்டி (யார் மாஸ்டர் என்று தீர்மானிக்கும் முன்னுரிமை எண்) 0 என்று அறிவித்துவிட்டு விலகும். பிரயாரிட்டி 100 உள்ள பேக்கப் சுமார் 0.6 நொடியில் ஏறிவிடும். விஆர்ஆர்பி இன்டர்ஃபேஸே விழுந்தால் சொல்ல வழியில்லை. அறிவிப்பு இடைவெளி 1 நொடி என்றால் பேக்கப் சுமார் 3.6 நொடி காத்திருக்கும்.

பலரும் சறுக்குவது வெயிட்டில், அதாவது இன்டர்ஃபேஸ் விழுந்தால் பிரயாரிட்டியை எவ்வளவு மாற்றுவது என்ற எண்ணில். வெயிட் கொடுக்காவிட்டால் இன்டர்ஃபேஸ் விழுந்ததும் நேரே ஃபால்ட் நிலை (பழுது என்று போட்டியிலிருந்தே விலகுவது). கொடுத்தால் பிரயாரிட்டி மட்டும் குறையும். மாஸ்டர் 110, பேக்கப் 100 என்று வைத்து வெயிட் -5 கொடுத்தால் 105 ஆகும், எதுவும் மாறாது. -20 கொடுத்தால் 90, மாறும். ஆனால் நோபிரீஎம்ப்ட் (இருக்கும் மாஸ்டரிடமிருந்து ஐபியைப் பறிக்காதே என்ற அமைப்பு) போட்டிருந்தால் -20 கொடுத்தும் பயனில்லை: தன்னைவிடக் குறைந்த பிரயாரிட்டியோடு அறிவிப்பு வந்தாலும் பேக்கப் பேசாமல் இருக்கும். நோபிரீஎம்ப்ட் வேண்டும் என்றால் வெயிட்டை எடுத்துவிடுங்கள். இரு பக்கமும் ஸ்டேட் பேக்கப் என்றே இருக்கட்டும்.

இரு சர்வர்களையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைத்து அதில் விஆர்ஆர்பி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஒரு சர்வரின் மின்சாரம் போனால் மற்றதிலும் லிங்க் விழும். உயிரோடிருப்பதும் ஃபால்ட்டுக்குப் போய்விடும். விஆர்ஆர்பி இன்டர்ஃபேஸ் விழுந்ததைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் டோன்ட்_டிராக்_பிரைமரி இருப்பது இதற்காகத்தான்.

கீப்அலைவ்டால் முடியாத காரியம் ஒன்று: சர்வருக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவிலுள்ள கேபிள்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். சுவிட்ச்சின் அப்லிங்க் (சுவிட்ச்சை மேலே உள்ள நெட்வொர்க்கோடு இணைக்கும் கேபிள்) அறுந்தாலும் சர்வர் பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பாண்டிங்கில் (பல கார்டுகளை ஒன்றாகக் கட்டுவது) லிங்க்கைச் சோதிக்கும் எம்ஐஐமானுக்கும் இதே குறைதான். மருந்து சுவிட்ச்சில் இருக்கிறது. சிஸ்கோவில் லிங்க் ஸ்டேட் டிராக், ஜூனிப்பரில் அப்லிங்க் ஃபெயிலியர் டிடெக்‌ஷன். அப்லிங்க்குகள் எல்லாம் விழுந்ததும் சர்வர் போர்ட்டுகளை சுவிட்ச்சே முடக்கும். அதன் பிறகு சர்வருக்குத் தானாகத் தெரியும். இரண்டு சர்வர்களும் ஒரே சுவிட்ச்சில் இருந்தால் இதைப் போடவே கூடாது, இரண்டும் சேர்ந்தே ஃபால்ட்டாகும். இந்த வசதி இல்லாத மலிவு சுவிட்ச் என்றால், கேட்வேயைப் பிங் செய்யும் டிராக்_ஸ்கிரிப்ட்தான் வழி.

சுவிட்ச்சில் சர்வர் போர்ட்டுக்குப் போர்ட்ஃபாஸ்ட் (லிங்க் வந்ததும் உடனே டிராஃபிக்கை விடும் அமைப்பு) இருக்கட்டும். இல்லையென்றால் சுவிட்ச்சுகளுக்கு இடையே லூப் வராமல் தடுக்கும் பழைய எஸ்டிபி, லிங்க் வந்த பிறகும் 30 நொடி டிராஃபிக்கைத் தடுக்கும். அதற்குள் சர்வர் தன்னை மாஸ்டராக அறிவித்துக்கொள்ள, ஒரே ஐபி இரண்டு இடத்தில் நிற்கும். விர்ச்சுவல் மெஷினுக்குள் இந்த ஏற்பாடு பெரும்பாலும் வீண். ஹோஸ்ட்டின் கேபிளைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கார்டு அப் என்றே காட்டும்.

சோதிக்கும்போது சர்வர் கேபிளோடு நிறுத்தாமல் அப்லிங்க்கையும் பிடுங்குங்கள். நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் 224.0.0.18-க்கான (விஆர்ஆர்பி அறிவிப்புகள் போகும் முகவரி) அறிவிப்பு ஒரே சர்வரிலிருந்து மட்டும் வருகிறதா என்று பாருங்கள்.