ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர்: பல டப்பாக்கள் காலியான பிறகு

சில வருடங்களாக விட்டுவிட்டு ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர், அதாவது உடற்பயிற்சிக்கு முன்னால் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ஊக்கப் பவுடர், குடித்து வருகிறேன். ஒன்று தீர்ந்தால் வேறொன்று என்று பல டப்பாக்கள் மாறிவிட்டன. புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்கள் எது வாங்கலாம் என்று கேட்டால், இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பவுடர் மோசம் என்பதால் அல்ல. முதல் சில மாதங்களில் ஒழுங்காக எடை தூக்கி, சாப்பிட்டு, தூங்கினாலே பலம் மளமளவென்று ஏறும். அதற்கான பெயரைப் பவுடர் தட்டிக்கொண்டு போய்விடும்.

எல்லோரும் முதலில் பேசுவது அந்தக் குறுகுறுப்பைப் பற்றி. குடித்துவிட்டு ஜிம்முக்குப் போய் ஷூ லேஸ் கட்டும் நேரத்தில் காதுமடல், கன்னம், விரல்நுனி எல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். "ஏறிடுச்சு" என்பார்கள். அது இந்தப் பவுடரில் இருக்கும் பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலம் தோலிலுள்ள நரம்புகளைத் தூண்டுவதால் வருவது, ஆபத்தில்லை. ஆனால் அன்றைய பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பீட்டா-அலனின் தசையில் களைப்பைத் தள்ளிப்போடும் கார்னோசினாகச் சேர்வதற்கு, தினமும் 3 முதல் 6 கிராம் வரை பல வாரங்கள் எடுக்க வேண்டும். பலத்துக்காகச் சேர்க்கும் கிரியேட்டினும் இப்படித்தான். தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்தில் எடுத்தாலும் சரி. பயிற்சிக்கு முன்னால்தான் என்ற கட்டாயம் இல்லாத இரண்டு பொருள்கள் ‘ப்ரீ’ டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியானால் அன்றைக்கே வேலை செய்வது எது? பெரும்பாலும் காஃபின். ஒரு ஸ்கூப்பில் (டப்பாவுக்குள் வரும் அளவுக் கரண்டி) 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். சாதாரண ஒரு கப் காபியில் சுமார் 100. கனமான செட்டுகளில் கவனம் நிற்பதையும் களைப்பு தள்ளிப்போவதையும் நானே உணர்ந்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் தினமும் குடித்தால் அந்த வேகம் மங்கிவிடுகிறது. அப்போது கை இரண்டாவது ஸ்கூப்புக்குப் போகும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் வரம்பு என்கிறார்கள். காபி, டீ எல்லாம் அந்தக் கணக்கிலேயே அடக்கம்.

லேபிளில் ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்’ என்று, எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்லாமல் மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. உதாரணமாக, ரத்த ஓட்டத்துக்காகச் சேர்க்கும் சிட்ருலின் மாலேட்டை ஆய்வுகளில் பொதுவாக 6 முதல் 8 கிராம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பத்துப் பொருள்களும் சேர்ந்து ஸ்கூப்பே 6 கிராம் என்றால் கணக்கு உதைக்கிறதே!

என்னை அதிகம் படுத்தியது தூக்கம். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு 300 குடித்தால் இரவு பதினொரு மணிக்கும் 150 உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் தூக்கக் கலக்கம், அதைச் சமாளிக்க மறுபடி ஒரு ஸ்கூப். மாலையில் ஜிம் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயம் எளிது. பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் மாவுச்சத்தும் புரதமும் உள்ள ஒருவேளைச் சாப்பாடு. நேரம் இல்லையென்றால் அரை மணிக்கு முன்னால் ஒரு வாழைப்பழம். எண்ணெய்ப் பண்டம் மெதுவாகத்தான் செரிக்கும், ஸ்குவாட்டில் குனியும்போது தெரிந்துவிடும். நாள் முழுக்கச் சேர்த்து உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் இருந்தால் போதும். காலையில் எதுவும் சாப்பிடாமல் பவுடரை மட்டும் குடித்தால் சிலருக்குக் கை நடுங்கும், வயிறு கலக்கும். ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தண்ணீரில் கலக்காமல் பவுடரை வாயில் கொட்டிக்கொள்ளும் வித்தையும் வேண்டாம். புரையேறினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இப்போது கால் பயிற்சி நாளில், அதுவும் காலையில் போனால் மட்டும், அரை ஸ்கூப். மற்ற நாளெல்லாம் வெறும் காபி. ஒன்று மட்டும்: மூடியை இறுக்கி மூடுங்கள். இந்தப் பவுடர் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிவிடும். கரண்டிக் காம்பால் குத்தி எடுக்கும் நிலை வந்துவிட்டால், அரை ஸ்கூப் என்று நினைத்து எவ்வளவு போடுகிறோம் என்பதே தெரியாது.