குறைமாதக் குழந்தைக்கு ‘கண் நார்மல்’ என்று எழுதித் தந்தால், யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்

34 வாரம் முடிவதற்குள் பிறந்த குழந்தை, அல்லது பிறந்தபோது 2 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தை உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்ஸிஜன், ரத்தம் ஏற்றுதல், கிருமித்தொற்று என்று சிக்கலில் கிடந்த குழந்தைக்கும் இது பொருந்தும்.

இந்தக் குழந்தைகளுக்குப் பார்க்க வேண்டியது ஆர்ஓபி (ரெட்டினோபதி ஆஃப் ப்ரிமெச்சூரிட்டி). அது குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் வரும் ரத்தக்குழாய் நோய். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கருவின் 16ஆவது வாரம் வாக்கில் கண் நரம்பருகே தொடங்கி, ஓரம்வரை போய்ச் சேர 40 வாரம் ஆகும். முன்னதாகப் பிறந்துவிட்டால் வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். பட்டினி கிடக்கும் விழித்திரை சில வாரம் கழித்து, கன்னாபின்னாவென்று புதுக் குழாய்களை வளரச் செய்யும். அவை தழும்பாகிச் சுருங்கி விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடும். இவ்வளவும் நடக்கும்போது வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். கண்பாப்பாவுக்குள் (கண் நடுவிலுள்ள கருவட்டம்) வெள்ளையாகத் தெரிகிறதே என்று பாட்டி கண்டுபிடிக்கும் நேரத்தில் விழித்திரை முழுதும் கழன்றிருக்கும்.

குடும்பங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு வரியால். 30 வாரத்தில் பிறந்த குழந்தை 40 நாள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறது என்று வையுங்கள். பில் கட்டி முடித்துக் கிளம்பும்போது சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ‘ஒரு மாதம் கழித்துக் கண் ஓபி’ என்று இருக்கும். வீட்டார் டிஸ்சார்ஜ் நாளிலிருந்து எண்ணுவார்கள். எப்படி எண்ண வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தையைத் தூக்கிப் போகும்போது அதற்கு 70 நாள்; கர்ப்பக் கணக்கில், அதாவது பிறந்த வாரத்தோடு பிறகு கழிந்த வாரத்தையும் கூட்டினால், 40 வாரம். சிகிச்சை தேவைப்படும் கட்டம் பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 36 முதல் 38 வாரத்தை ஒட்டி வரும், அது தாண்டியிருக்கும். முதல் பரிசோதனை பிறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததோ 1200 கிராமுக்குக் கீழே இருந்ததோ என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. குழந்தை அப்போது என்ஐசியுவில் இருந்தால் கண் டாக்டர்தான் அங்கே வர வேண்டும். ‘எடை ஏறட்டும்’, ‘சளி போகட்டும்’ என்று யார் தள்ளிப்போட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதுவது ஆர்ஓபி பரிசோதனை ஆகாது. உண்மையான பரிசோதனைக்கு முதலில் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை 10, 15 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை விட வேண்டும். பெரியவர்களுக்கான மருந்தை அப்படியே விடக்கூடாது, ஃபினைலெஃப்ரின் 2.5 சதவீதத்துக்கு மேல் போனால் குழந்தையின் ரத்த அழுத்தம் ஏறும். கன்னத்தில் வழிவதை உடனே துடைத்துவிட வேண்டும். வாந்தி புரையேறாமலிருக்க, பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்திருக்க வேண்டும். பிறகு மரத்துப்போகும் சொட்டு, இமையை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி, டாக்டர் தலையில் மாட்டிய விளக்கு, கையில் லென்ஸ். அல்லது கண்ணில் ஜெல் வைத்து ரெட்கேம் கேமராவில் படம் எடுப்பார்கள். நாடித்துடிப்பு இறங்கினால் கவனிக்கப் பக்கத்தில் நர்ஸ் இருக்க வேண்டும். சொட்டு விட்டும் கண்பாப்பா விரியவில்லை என்றால் ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று அனுப்புவது பெரிய தவறு. விரியாததே நோய் முற்றுவதற்கு ஓர் அடையாளமாக இருக்கலாம்.

அறிக்கையில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: ஒவ்வொரு கண்ணுக்கும் எந்த மண்டலம் (விழித்திரையின் எந்தப் பகுதி), எந்த நிலை (நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது), பிளஸ் (ரத்தக்குழாய்கள் வீங்கி நெளிந்திருப்பது) உண்டா இல்லையா, அடுத்த தேதி. தேதி இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள். ‘ஆர்ஓபி இல்லை, விழித்திரை முதிரவில்லை’ என்று எழுதியிருந்தால் இன்னும் வர வேண்டும் என்று அர்த்தம். ரத்தக்குழாய் ஓரம்வரை போய்ச் சேர்ந்ததென்று எழுதும் வரை வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பார்த்தாக வேண்டும். இரட்டைக் குழந்தை என்றால் இரண்டையும். எடை கூடுதலாக இருந்ததை வீட்டில் விட்டுவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

சிகிச்சை வேண்டும் என்று சொன்னால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பணம் புரட்டிக்கொண்டு அடுத்த வாரம் வரலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. லேசர் செய்வார்கள், அல்லது கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். ஊசி போட்டால் சில நாளிலேயே தெளிந்த மாதிரி இருக்கும். அதோடு வருகையை நிறுத்திவிடுகிறார்கள். ஊசிக்குப் பின் நோய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரலாம். இதை வாயால் சொன்னால் போதாது, அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆக்ஸிஜன் வைத்ததால் கண் போனது என்று சண்டைக்குப் போவார்கள். மூச்சுவிட முடியாத குழந்தைக்கு அது உயிர். அளவாகத் தந்தார்களா என்று கேட்பது நியாயம். பொதுவாக ரத்த ஆக்ஸிஜனை 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். ஆனால் குறைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து. கணக்குக் கேட்க வேண்டியது செய்யாமல் விட்ட பரிசோதனைக்கு.

உச்ச நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு ஆர்ஓபி பரிசோதனை செய்யவில்லை, பெற்றோரை எச்சரிக்கவும் இல்லை. பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் என்றது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் 1 கோடியே 38 லட்சமும், அதுவரை ஆன மருத்துவச் செலவுக்கு 42 லட்சத்துக்கு மேலும் தரச் சொன்னது. குழந்தைக்கு அப்போது 18 வயது.

பார்வை போன பிறகு வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஸ்டெம் செல் ஊசி, நரம்பைத் தட்டி எழுப்பும் மூலிகைச் சொட்டு என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். கழன்றுபோன விழித்திரையை ஒட்ட வைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. விழித்திரை முழுதும் கழன்றுபோன ஐந்தாம் நிலைக்கு அறுவை சிகிச்சை உண்டு. வெளிச்சம் தெரியும் அளவுக்கு மேல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதை முகத்துக்கு நேராகச் சொல்லும் டாக்டரை நம்புங்கள். அந்தப் பணத்தைப் பார்வையற்ற குழந்தைக்கான ஆரம்பகாலப் பயிற்சிக்கு வையுங்கள்.

ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஆர்ஓபி சேர்ந்திருக்கிறது; மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்கலாம். தமிழ்நாட்டில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். போன் செய்யும்போது பிறந்த தேதி, எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை மூன்றையும் முதலில் சொல்லுங்கள்; டிஸ்சார்ஜ் தேதியைக் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.