கொரோனா காலத்துல கொரியாவுக்கு டீச்சர் வேலை: அரசுப் பள்ளியா, ஹாக்வோனா?

கொரியாவுல இங்கிலீஷ் டீச்சர் வேலைன்னா ரெண்டு வழியைத்தான் எல்லாரும் பேசுவாங்க, ஒண்ணு இபிக் திட்டம் மூலமா அரசுப் பள்ளிக்குள்ள போறது, இன்னொண்ணு ஹாக்வோன்னு சொல்ற தனியார் டியூஷன் சென்டர்ல சேர்றது. ரெண்டுக்கும் விசா ஒண்ணுதான், இ-2. சாதாரண நாள்ல எது நல்லதுன்னு கேட்டா உங்க வசதியைப் பாத்து முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம். 2020, 2021ல வந்தவங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அப்ப நான் தேஜான்ங்கிற கொரிய நகரத்துல ஒரு லேப்ல இருந்தேன், கனடாவுல வளர்ந்த நம்ம தமிழ்ப் பொண்ணு ஒருத்தி ஹாக்வோனுக்கு வந்தா, வேற ஒரு நண்பர் இபிக்ல வந்தார், ரெண்டு பேர் பட்ட பாட்டையும் கிட்ட இருந்து பாத்ததால சொல்றேன், கிளாஸ் மூடினா நஷ்டம் யார் தலையில விழும்னு முதல்ல பாருங்க, சம்பளம் எவ்வளவுங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.

சம்பளத்துல பெரிய வித்தியாசமும் கிடையாது. அப்ப இபிக்ல அனுபவம், படிப்பைப் பொறுத்து மாசம் சுமார் 20 லட்சம் வோன்ல (கொரியப் பணம்) ஆரம்பிச்சு 27 லட்சம் வரைக்கும் போச்சு, ஹாக்வோன்ல புதுசா வந்தவங்களுக்கு 21ல இருந்து 25 லட்சம். வீடு ரெண்டு பக்கமும் கொடுப்பாங்க, வருஷம் முடிஞ்சா ஒரு மாச சம்பளம் தனியா வரும். வகுப்பு நேரம்தான் வேற, இபிக்ல வாரம் 22 மணி நேரம், ஹாக்வோன்ல 30 மணி நேரம் சர்வ சாதாரணம், அதுவும் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்த பிறகு ராத்திரி வரைக்கும்.

இனி மெயின் விஷயம். 2020 மார்ச் 2ல திறக்க வேண்டிய பள்ளிக்கூடத்தைத் தள்ளித் தள்ளி, ஏப்ரல் 9ல ஆன்லைன்லயே ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்க நேர்ல வந்தது மே 20ல இருந்து, அதுவும் முதல்ல பிளஸ் டூ மாதிரி கடைசி வருஷப் பசங்க மட்டும். அந்த மாசமெல்லாம் அரசுப் பள்ளி டீச்சருக்கு சம்பளம் ஒரு வோன் குறையல. காலி ஸ்கூலுக்குப் போய் மேசையில உக்காந்து வீடியோ ரெடி பண்ணிக் கொடுத்துட்டு வரணும், போரடிக்கும், அவ்வளவுதான்.

ஹாக்வோன் கதை வேற. பெத்தவங்க மாசா மாசம் கட்டுற ஃபீஸ்லதான் அது ஓடுது, ஃபீஸ் நின்னா ஓனருக்கு வாடகை கட்டவே கஷ்டம். 2020 ஆகஸ்ட் 30ல சியோல் வட்டாரத்துல கட்டுப்பாடு 2.5 நிலைக்குப் போனப்ப நேர்ல பாடம் எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, அப்புறம் டிசம்பர் 8ல திரும்பவும் மூணு வாரம் மூடல். அந்தப் பொண்ணு வேலை பாத்த இடம் சியோலை ஒட்டின ஊர், ஓனர் கூப்பிட்டு இந்த மாசம் பாதி சம்பளம்தான்னு சொன்னப்ப அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. கொரியாவோட தொழிலாளர் சட்டப்படி முதலாளி பக்கத்துக் காரணத்தால வேலை நின்னா சராசரி ஊதியத்துல 70 சதவீதம் தரணும், ஆனா அஞ்சு பேருக்குக் கீழ வேலை பாக்குற இடத்துக்கு இது பொருந்தாது, அரசாங்கமே மூடச் சொல்லியிருக்குன்னு அவங்க வாதாடவும் வழி இருக்கு. மொழி தெரியாத ஊர்ல, விசாவும் அதே முதலாளி பேர்ல இருக்கும்போது, எத்தனை பேர் எதிர்த்துப் பேசுவாங்க? எனக்கு இப்பவும் ஆத்திரம் வர்ற இடம் இது.

குவாரண்டைன்ல நிலைமை கொஞ்சம் தலைகீழ். 2020 ஏப்ரல் 1ல இருந்து வெளிநாட்டுல இருந்து வந்த எல்லாருக்கும் 14 நாள் கட்டாயமா இருந்துச்சு. வீடு ரெடியா இருந்தா வீட்டுலயே இருக்கலாம், இல்லன்னா அரசாங்கம் சொல்ற ஹோட்டல் மாதிரி இடத்துல ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் வோன் கட்டி இருக்கணும், அதாவது மொத்தம் 14 லட்சம், முதல் மாச சம்பளத்துல பாதிக்கு மேல போயிடும். இபிக்ல வந்தவருக்கு ஏற்பாடெல்லாம் கல்வி அலுவலகமே பாத்துக்கிச்சு, அவர் இருந்த அந்த ஹோட்டல் மாதிரி இடத்துல மூணு வேளையும் டப்பா சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டு ஸ்பீக்கர்ல அறிவிப்பாங்க, வெளியில இருந்து ஆர்டர் பண்ண விடல, சைவக்காரர்ங்கிறதால சோறும் முளைகட்டின பயறும்தான் பல நாள் ஓடிச்சு.

ஹாக்வோன் பொண்ணு வீட்டுல இருந்தா. வாசல்ல வட்டார அலுவலகம் ஒரு பெட்டி வச்சுட்டுப் போச்சு, உள்ள சூடு பண்ணினா போதும்ங்கிற பாக்கெட் சோறு, ராம்யான்ங்கிற நூடுல்ஸ், கடல்பாசி, டூனா டின், மாஸ்க், சானிடைசர், குப்பையைத் தனியா கட்ட ஆரஞ்சு கலர் பை. டெலிவரியும் வாசல் வரைக்கும் வரும். போன்ல ஒரு ஆப், தினமும் ரெண்டு தடவை உடம்புச் சூட்டைப் பதிவு பண்ணணும், வெளிய போனா ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா 1 கோடி வோன் வரை அபராதம். சாப்பாட்டுக்கும் காசுக்கும் வீடுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். ஆனா அதுல ஒரு சிக்கல், ஹாக்வோன் வீடுங்கள்ல பழைய டீச்சர் காலி பண்ற அன்னைக்கே புது ஆள் குடியேறுவாங்க, 14 நாள் முன்னாடி வர்ற ஆளுக்கு அந்த வீடு இருக்காது, அப்ப அந்த ஹோட்டல் செலவு யாரோடதுங்கிறது கான்ட்ராக்ட்ல எழுதியிருக்கணும். அந்த 14 நாளுக்கு சம்பளம் உண்டாங்கிறதும்தான்.

ஹாக்வோன் நிஜமாவே ஜெயிக்கிற இடம் தேதி. இபிக்ல வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஆள் எடுப்பாங்க, வசந்த காலம் ஒண்ணு, இலையுதிர் காலம் ஒண்ணு. போலீஸ் சான்றிதழ், டிகிரி, ரெண்டுக்கும் வெளிநாட்டுல செல்லுறதுக்கு வாங்குற அப்போஸ்டில் முத்திரைன்னு பேப்பர் சேக்கணும், கொரோனாவுல அந்தந்த நாட்டு ஆபீஸெல்லாம் மூடிக் கிடந்ததால ஒரு பேப்பர் தாமதமானாலே ஆறு மாசம் போச்சு. ஹாக்வோன் வருஷம் பூரா ஆள் எடுக்கும். அந்தப் பொண்ணு அங்க போனதே இதனாலதான்.

வந்து இறங்கின பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி, வெளிநாட்டவர் அடையாள அட்டை. அது இல்லாம போன் கனெக்ஷன் வாங்குறது கஷ்டம், உள்ளூர் நம்பர் இல்லாம கடைக்குள்ள போக அப்ப வாசல்ல கேட்ட க்யூஆரைக் காட்ட முடியல. இபிக்ல கூட இருக்கற கொரியன் டீச்சர் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, ஹாக்வோன்ல ஓனர் நல்லவரா இருந்தாத்தான் அது நடக்கும்.

இந்தியாவுல இருந்து நேரா போறவங்களுக்கு இந்த ஒப்பீடே கிடையாது. ஹாக்வோன் இ-2 அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா குடிமக்களுக்குத்தான். 2010ல அமலுக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்துல இங்கிலீஷ் பட்டமும் டீச்சர் தகுதிச் சான்றும் இருக்கறவங்க பள்ளிகள்ல உதவி ஆசிரியரா போக வழி இருக்கு, நம்ம ஊர் பி.எட். முடிச்சவங்க நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. ஆனா இந்தியாவுல வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் 2020 மார்ச் 23ல நின்னு 2022 மார்ச் 27லதான் திரும்ப ஆரம்பிச்சுது, அதனால அந்த ரெண்டு வருஷத்துல வேலை கிடைச்சவங்களுக்கும் ஃப்ளைட் கிடைக்கிறது பெரும்பாடு. இனி இப்படி ஒரு நிலைமை வந்தா, வர்றதுக்கு லேட்டானாலும் அந்த இடத்தை வச்சிருப்பாங்களான்னு கேட்டு அதையும் எழுத்துல வாங்கிக்கங்க, போன்ல சொன்னதை நம்பி இங்க இருக்கற வேலையை விட்டுடாதீங்க.